மார்க் பெர்ஜெவான் போட்ட டிரேடுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

மான்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு மே 2012 முதல் நவம்பர் 2021 வரை ஜெனரல் மேனேஜராக இருந்தவர் பெர்ஜெவான். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரேடில், அதாவது ஆளுக்கு ஆள் மாற்றுவதில், கெட்டிக்காரர், பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தடுமாறியவர்.

கேள்வி: ஒரு டிரேட் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது அண்ணா? கோல் கணக்கு போதாதா?

போதாது தம்பி. முதலில் டிரேட் நடந்த தேதியைப் பாருங்கள், அப்புறம் சம்பளம், அப்புறம் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி என்பது. கோல் கணக்கு அதற்கெல்லாம் பின்னால்தான். பிப்ரவரி 2016-ல் டேல் வைஸ், தாமஸ் ஃப்ளைஷ்மன் இருவரையும் சிகாகோவுக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது, சும்மா இருந்தாலும் போயிருப்பார்கள். பதிலுக்கு வந்தது ஃபிலிப் டனோ, கூடவே 2018 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வு) ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. அந்தத் தேர்வில் எடுத்த ஆள்தான் அலெக்சாண்டர் ரொமானோவ். டனோ பெரிய கோல்காரர் இல்லை. ஆனால் எதிரணியின் முதல் வரிசையை மூச்சுவிடாமல் அடைத்து வைப்பது அவர் வேலை. 2021 பிளேஆஃபில் (நாக்-அவுட் சுற்றில்) டொராண்டோவுக்கு எதிரான ஏழு ஆட்டங்களில் அவர்களுடைய நட்சத்திரம் ஆஸ்டன் மாத்யூஸ் ஒரே ஒரு கோல், மிட்ச் மார்னர் பூஜ்யம். கோல் பட்டியலை மட்டும் பார்த்தால் டனோவின் பெயரே கண்ணில் படாது.

கேள்வி: சுப்பன் - வெபர் டிரேடில் யாருக்கு லாபம்?

இதைத்தான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். 2016 ஜூன் 29 அன்று சுப்பனை நாஷ்வில் அணிக்குக் கொடுத்து வெபரை வாங்கினார்; இருவருமே டிஃபென்ஸ்மேன்கள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள். பி.கே. சுப்பனுக்கு 27 வயது, வருடத்துக்கு 9 மில்லியன் டாலர், இன்னும் ஆறு வருடம். ஷே வெபருக்கு 30 வயது, 7.857 மில்லியன், இன்னும் பத்து வருடம், 2026 வரை. சுப்பனை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது என்ற நிபந்தனை ஜூலை 1 அன்று அமலுக்கு வர இருந்தது, இரண்டு நாள் முன்னால் முடித்துவிட்டார்கள். அன்றைய நிலையில் நான் இந்த டிரேடை எதிர்த்தேன், பத்து வருடம் என்ற எண்ணே பயமாக இருந்தது. ஆட்டத்தை மட்டும் எடுத்தால் வெபர் மான்ட்ரியலுக்குப் பாடுபட்டார், 2021 கோப்பை இறுதிப் போட்டிவரை உடம்பெல்லாம் காயத்தோடு நின்றார், அதோடு அவர் ஆட்டமும் முடிந்தது.

கேள்வி: அடுத்த வருடமே நாஷ்வில் இறுதிப் போட்டிக்குப் போனதே, அதை மறைக்கிறீர்களே?

மறைக்கவில்லை. 2017-ல் போனார்கள், சுப்பனும் நன்றாகவே ஆடினார். ஆனால் 2019 ஜூனில் அதே நாஷ்வில், அவர் சம்பளத்தை இறக்கி வைக்க நியூ ஜெர்சிக்குத் தள்ளிவிட்டது, வந்தது இரண்டு டிஃபென்ஸ்மேன்களும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும்தான். 2022-ல் சுப்பன் ஓய்வு பெற்றுவிட்டார். ஆட்டத்தில் வெபர் பக்கம் சற்றுக் கூடுதல், ரசிகர் மனதில் நஷ்டம், இதுதான் என் தீர்ப்பு. சுப்பன் 2015-ல் மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனைக்கு 10 மில்லியன் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தவர். அப்படி ஒருவரை அனுப்பினால் ஊர் வருத்தப்படத்தான் செய்யும். அந்த வருத்தம் நியாயம், ஆனால் அதை டிரேட் கணக்கில் சேர்க்க முடியாது.

கேள்வி: செர்காச்சேவைக் கொடுத்து ட்ரூவானை வாங்கியது?

தோல்வி. ட்ரூவான் கியூபெக் பையன், அணிக்கு சென்டர் (முன்வரிசையின் நடு ஆட்டக்காரர்) வேண்டும், அதனால் ஒரு விங்கரை (ஓர ஆட்டக்காரரை) கொண்டுவந்து சென்டராக்கப் பார்த்தார்கள். வந்த கையோடு 6 வருடம், 33 மில்லியன். செர்காச்சேவ் டாம்பா பேயில் 2020, 2021 இரண்டு கோப்பையும் வாங்கினார், இரண்டாவது மான்ட்ரியலையே வீழ்த்தி.

கேள்வி: 2018-ல் பிரேடி கச்சக்கை விட்டுவிட்டு கோட்கனியெமியை எடுத்தாரே?

அது டிராஃப்ட், வேறு கணக்கு. இங்கே வேண்டாம்.

கேள்வி: சுப்பன் டிரேடில் உண்மையில் யார் ஜெயித்தது அண்ணா?

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 2017 கோடையை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

திட்ட வேண்டிய கோடைதான். ராடுலோவ் டல்லஸுக்குப் போனார், 5 வருடம், 31.25 மில்லியன். பதினாறு சீசன் ஆடிய மார்கோவ் ரஷ்யாவுக்குத் திரும்பினார். இருவரையும் விட்டுவிட்டு, கார்ல் ஆல்ஸ்னருக்கு 5 வருடம், 23.125 மில்லியன். இரண்டாவது சீசனிலேயே அந்த ஆளை லவால் கிளை அணிக்கு இறக்கினார்கள், 2020-ல் மீதிப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தார்கள். அதே ஜூலையில் கேரி பிரைஸுக்கு 8 வருடம், 84 மில்லியன். பிரைஸ் மகத்தான கோலி (கோல்கீப்பர்), அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 30 வயதைத் தொடப்போகும் கோலிக்கு 10.5 மில்லியன் வீதம் எட்டு வருடம் என்றால் முழங்கால் தாங்குமா என்று யோசிக்க வேண்டாமா? 2021 இறுதிப் போட்டிக்குப் பிறகு அவர் ஆடியது ஐந்தே ஆட்டம். திரும்பவும் சொல்கிறேன், வருடங்களைப் பாருங்கள்.

கேள்வி: ஆகோவுக்கு ஆஃபர் ஷீட் கொடுத்தது துணிச்சல்தானே?

ஆஃபர் ஷீட் என்றால் இன்னொரு அணியின் வீரருக்கு ஒப்பந்தம் நீட்டுவது; அவர் அணி அதே தொகையைக் கொடுத்தால் அவரை வைத்துக்கொள்ளலாம். துணிச்சல், ஆனால் தொகை பத்தாது. 42.27 மில்லியன் என்றதும் அவருடைய அணியான கரோலைனா அப்படியே ஈடுகட்டியது.

கேள்வி: அவர் செய்ததிலேயே சிறந்த டிரேட் எது?

செப்டம்பர் 2018. கேப்டன் பாச்சியொரெட்டியை வேகாஸுக்குக் கொடுத்து டாட்டர், ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, நிக் சுஸுகி. அன்று பலர் சுஸுகி பெயரைக் கடைசியாகத்தான் படித்தார்கள். 2021 மே 27, டொராண்டோவில் ஐந்தாவது ஆட்டம். தொடரில் 3-1 என்று பின்தங்கிய மான்ட்ரியல், அன்று மூன்று கோல் முன்னிலையையும் தொலைத்துவிட்டு ஓவர்டைமுக்கு வந்திருக்கிறது. ஒரு நிமிடம் ஆகவில்லை, டொராண்டோ வீரர் ஒருவர் கொடுத்த பாஸ் தவறிப்போய் மான்ட்ரியல் கையில் சிக்கியது. அந்த வீரர் கல்ச்செனியுக், 2018-ல் பெர்ஜெவானே அனுப்பிவைத்தவர். எதிரில் கோலியைத் தவிர யாரும் இல்லை, மான்ட்ரியலின் கோஃபீல்டும் சுஸுகியும் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லையை) மாற்றிக்கொண்டே போகிறார்கள், கடைசித் தட்டு சுஸுகியுடையது. அந்தத் தொடரை மான்ட்ரியல் ஜெயித்தது, அடுத்த மாதம் வேகாஸையும் பாச்சியொரெட்டியோடு வீட்டுக்கு அனுப்பியது. 2022 செப்டம்பரில் சுஸுகி கேப்டன் ஆனபோது பெர்ஜெவான் அந்த அலுவலகத்தில் இல்லை, ஆனால் சுஸுகியை எட்டு வருடத்துக்கு ஒப்பந்தம் செய்துவிட்டுத்தான் போயிருந்தார்.

சுப்பன் பற்றி இன்னும் நான்கு கேள்வி இருக்கிறது. நான்குக்கும் பதில் மேலேதான்.