கோவா டூருக்கு முன் ஹோம் லோன் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்

கேள்வி (டிசம்பர் 2020):

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 41. மொத்தச் சம்பளம் மாதம் 62,000 ரூபாய். கொரோனாவால் மே முதல் அக்டோபர் வரை 46,500 ரூபாய்தான் தந்தார்கள்; நவம்பரில் பழைய சம்பளம் திரும்பிவிட்டது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, ஜூனிலிருந்து பாதிச் சம்பளம். வங்கியில் வீட்டுக்கடன் பாக்கி மார்ச்சில் 18 லட்சம், வட்டி 8.5%, இஎம்ஐ 17,725. ஆறு மாதம் மாரடோரியம் எடுத்தோம். பிஎஃப்பில் கொரோனா முன்பணம் 60,000 எடுத்துச் செலவாகிவிட்டது. கையிருப்பு 85,000. வீட்டுச் செலவு இஎம்ஐ நீங்கலாக 38,000.

மே 10-ம் தேதி டெல்லி போக ஜனவரியிலேயே எடுத்த விமான டிக்கெட் ரத்தாகி, 41,600 ரூபாய் கிரெடிட் ஷெல்லாக (பிறகு டிக்கெட் எடுக்கும்போது கழித்துக்கொள்ளும் வரவாக) விமான நிறுவனத்திடம் நிற்கிறது. பிள்ளைகள் இருவரும் ஒன்பது மாதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அதை வைத்து புத்தாண்டுக்கு கோவா போக ஆசை. மேற்கொண்டு 60,000 ஆகும். பர்சனல் லோன் எடுக்கலாமா? ஆபீஸில் எல்டிஏ (விடுமுறைப் பயணப்படி) 40,000 ரூபாய்க்கு, 'போகாவிட்டாலும் பொருள் வாங்கினால் வரி மிச்சம்' என்று ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி? உடன் 68 வயது அம்மாவும் இருக்கிறார்.

பதில் (வட்டி, வரி விதிகள், திட்டங்கள் எல்லாம் 2020 டிசம்பர் நிலவரப்படி):

கோவாவும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். உங்கள் பணம் பெரிதாகக் கசிகிற இடம் வேறு. அது வீட்டுக்கடன்.

மாரடோரியம் என்பது தவணைக்குத் தந்த விடுமுறை, வட்டிக்கு அல்ல. 18 லட்சத்துக்கு 8.5% வீதம் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஏறிய வட்டி சுமார் 77,900 ரூபாய். அது அசலோடு சேர்ந்து, செப்டம்பரில் கடன் 18.78 லட்சம் ஆகியிருக்கும். 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு மத்திய அரசு அறிவித்து, நவம்பர் 5-க்குள் வரவு வைக்கச் சொன்ன தொகையை இதற்கு ஈடாக நினைக்காதீர்கள். கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அது. உங்கள் கணக்கில் ஏறக்குறைய 1,370 ரூபாய். வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பதினைந்து வருடம் பாக்கி என்று வைத்துப் பார்த்தேன். உங்கள் இஎம்ஐ அதற்குத்தான் பொருந்துகிறது. மாரடோரியம் எடுக்காமல் இருந்தால் 2035 பிப்ரவரியில் கடன் முடிந்திருக்கும். இப்போது அதே இஎம்ஐயில் 2037 ஜனவரி வரை போகும். ஆறு தவணையைத் தள்ளிவைத்ததற்கு ஆயுளில் 17 தவணை கூடிவிட்டது, கிட்டத்தட்ட 2.95 லட்சம் ரூபாய். சம்பளம் குறைந்த நேரத்தில் வேறு வழி இருந்திருக்காது. அதற்காக மனம் நோக வேண்டாம், சரிசெய்ய வழி இருக்கிறது.

ரிசர்வ் வங்கி மே மாதமே ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை) 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. புதிதாக வீட்டுக்கடன் வாங்குகிறவர்களுக்கு 7 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கிறது. நீங்கள் இன்னும் 8.5% கட்டுகிறீர்கள் என்றால், உங்கள் கடன் பெரும்பாலும் எம்சிஎல்ஆர் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் வட்டி) அல்லது அதற்கும் முந்தைய அடிப்படை வட்டியில் இருக்கும். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றப்பட வேண்டும். பழைய கடன்கள் தானாக அங்கே போகாது, நாம் கேட்க வேண்டும்.

கிளைக்குப் போய் 2020 மார்ச் 1 முதல் இன்றுவரையிலான லோன் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். இன்றைய வட்டி, அது எதோடு இணைந்தது, அடுத்த மாற்றத் தேதி, கடன் முடியும் மாதம் நான்கையும் குறித்துக்கொண்டு, ரெப்போ இணைப்பு வட்டிக்கு மாற்றித்தரக் கோரி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். அது சில ஆயிரங்களுக்குள் இருந்தால் யோசிக்காமல் கட்டலாம். 7 சதவீதம் கிடைத்து, ஜனவரியிலிருந்து அதே 17,725 கட்டினால் மீதி 193 தவணை 163 ஆகக் குறையும். கடன் 2034 ஜூலையில் முடியும், மாரடோரியம் எடுக்காமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும் தேதிக்கும் முன்பே. மிச்சம் 5 லட்சத்துக்கு மேல்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வட்டி குறைந்ததும் வங்கி இஎம்ஐயைக் குறைத்து, காலத்தை அப்படியே விட்டுவிடும். மாதம் ஆயிரத்து அறுநூறு மிச்சம் என்று நாமும் சந்தோஷப்படுவோம். அந்த 30 தவணை கைநழுவும். 'இஎம்ஐ மாறக்கூடாது, காலம் குறைய வேண்டும்' என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வங்கி இறங்கிவராவிட்டால் வேறு வங்கிக்கு மாற்றலாம். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் பிராசசிங் கட்டணம், சட்டக் கருத்து, பத்திர அடமானப் பதிவு எல்லாம் புதிதாக வரும். மொத்தத்தையும் எழுதி வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள்.

அடுத்து எல்டிஏ. ஆபீஸில் சொல்வது அக்டோபர் 12-ல் அறிவித்து, பின்பு தனியார் ஊழியர்களுக்கும் விரித்த எல்டிசி கேஷ் வவுச்சர் திட்டம். 12% அல்லது அதற்கு மேல் ஜிஎஸ்டி உள்ள பொருளையோ சேவையையோ, ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடையில், டிஜிட்டல் முறையில், 2021 மார்ச் 31-க்குள் வாங்கி பில் தர வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு, ஆளுக்கு 36,000 வரை வரிவிலக்கு. உங்கள் 40,000-க்கு முழு விலக்கு வேண்டுமென்றால் 1,20,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இந்த வருடம் வரியே வராது. சம்பளக் குறைப்பால் இந்த நிதியாண்டின் மொத்தச் சம்பளம் 6,51,000. நிலைக்கழிவு 50,000, வீட்டுக்கடன் வட்டி ஏறக்குறைய 1.5 லட்சம் போனால் 4.5 லட்சம். பிஎஃப்பை 80சி-யில் (சேமிப்புக்கான வரிக்கழிவு) கழித்தால் இன்னும் குறையும். பழைய வரிமுறையில் 5 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஆக, 1,20,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி நீங்கள் மிச்சப்படுத்துவது ஒரு ரூபாய்கூட இல்லை. பக்கத்து மேசைக்காரர் 20% வரி கட்டுபவராக இருந்தாலும் செஸ்ஸும் சேர்த்து அவருக்கு மிஞ்சுவது 8,320 ரூபாய்தான். ஏற்கெனவே வாங்க இருந்த பொருளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

எல்டிஏ பயண உரிமை இத்தோடு போய்விடாது. 2018–2021 தொகுப்பு 2021 டிசம்பர் வரை இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் ஒரு பயணத்தை 2022-க்குத் தள்ளலாம். ஆபீஸில் வரிப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தால் வட்டிச் சான்றிதழை ஜனவரியிலேயே கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

விமான டிக்கெட்டுக்கு உச்ச நீதிமன்றத்தின் அக்டோபர் 1 தீர்ப்பு உங்களுக்குச் சாதகம். ஊரடங்குக்கு முன் எடுத்து, மே 24 வரையிலான பயணத்துக்கான டிக்கெட் என்பதால், கிரெடிட் ஷெல்லைப் பயன்படுத்தாவிட்டால் மார்ச் 31-க்குப் பிறகு விமான நிறுவனம் பணமாகத் தந்தாக வேண்டும். வேறு ஒருவர் பெயருக்கும் மாற்றலாம். ஜூலை முதல் மாதம் 0.75% அதன் மதிப்பும் கூடுகிறது. 'காலாவதியாகிவிடும்' என்ற பயத்தில் கோவாவுக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை. பிஎன்ஆர் எண்ணோடு பணம் திரும்பக் கேட்டு இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் பணம் அவர் வழியாகத்தான் வரும், அவருக்கும் நகல் அனுப்புங்கள்.

பர்சனல் லோன் 14 சதவீதத்தில் கிடைத்தாலும், 60,000-க்கு ஒரு வருடம் மாதம் 5,387. மாதச் செலவு 56,000-ஐத் தொடும் வீட்டில், 85,000 கையிருப்பு ஒன்றரை மாதத்துக்குத்தான் வரும். தடுப்பூசி இன்னும் வரவில்லை. கோவாவில் ஒருவருக்குத் தொற்று வந்தால் நாலு நாள் தங்கல் பத்து நாளாக நீளும், அறை வாடகை உங்கள் தலையில். அம்மாவை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. கொரோனா சிகிச்சைக்கான கொரோனா கவச் காப்பீட்டு பாலிசி 65 வயதுக்கு மேல் புதிதாகத் தரமாட்டார்கள். ஆபீஸ் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க வழி உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கையிருப்பே அவருக்குக் காப்பீடு, அதை மூன்று மாதச் செலவான 1.7 லட்சமாக உயர்த்தும்வரை தொட வேண்டாம். விமானப் பணம் வந்ததும் அதில் சேருங்கள்.

பிஎஃப்பில் எடுத்த 60,000 சிறியதாகத் தெரியலாம். 8.5% நீடித்தால் 58 வயதில் அது 2.4 லட்சம். திருப்பிக் கட்ட வழியில்லை. கையிருப்பு நிறைந்த பிறகு, விருப்பப் பிஎஃப்பாக மாதம் 1,000 கூட்டச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் ஏப்ரலில் மட்டுமே ஏற்கும். பாஸ்புக்கில் மே, ஜூன், ஜூலை வரவு குறைந்திருந்தால் தவறென்று நினைக்காதீர்கள். அந்த மூன்று மாதம் பங்களிப்பு 12-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதை வெட்டச் சொல்லவில்லை. 5,000 ரூபாய் ஒதுக்குங்கள். காரில், சாப்பாடு கட்டிக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு வார நாளில் அமராவதி அணைப் பக்கம் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கிளம்புவதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.