டி6 கொடுத்ததும் கொப்புளம்: குறை இங்காட்டிலா, ஷாட்டிலா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்ன டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு டை என்ற அச்சுக்குள் தள்ளி வார்ப்பது) யூனிட் வைத்திருக்கிறேன். ஏடிசி12 என்ற அலுமினிய அலாயில் பம்ப் கவர் போடுகிறோம். மெஷினிங் முடிந்ததும் ப்ளோ ஹோல் (உள்ளிருக்கும் ஓட்டை) தெரிகிறது, லீக் டெஸ்ட்டில் நிறைய பீஸ் தேறுவதில்லை. வலிமை போதாது என்று ஓசூர் கஸ்டமர் சொன்னதால் டி6 (நன்றாகச் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கும் முறை) செய்து பார்த்தோம், மேலெல்லாம் கொப்புளம். ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் (உலோகக் கலவைச் சோதனை) சரியாகத்தான் இருக்கிறது. இங்காட் (உருக்க வாங்கும் உலோகக் கட்டி) சப்ளையரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டி6-க்காக 500 டிகிரி பக்கம் சூடேற்றும்போது உலோகம் இளகும். உள்ளே அழுத்தத்தோடு அடைபட்டிருந்த காற்று விரிந்து மேல்தோலைத் தூக்கிவிடும். அந்தக் காற்று ஷாட் போடும்போதே, அதாவது உலோகத்தை டைக்குள் தள்ளும்போதே, உள்ளே போனது. ஸ்பெக்ட்ரோ அதைக் காட்டாது.

முதலில் தேறாத பீஸ் ஒன்றைக் கசிகிற இடத்தில் அறுத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓட்டை உருண்டையாக, உள்சுவர் வழவழவென்று இருந்தால் காற்று அல்லது வாயு. உள்ளே கறுப்புப் படிந்திருந்தால் பிளஞ்சர் (உலோகத்தைத் தள்ளும் தண்டு) ஆயில் எரிந்திருக்கிறது. ஒழுங்கில்லாமல், சொரசொரப்பாக, அதுவும் கனமான பகுதியில் இருந்தால் ஷ்ரிங்கேஜ், அதாவது உறையும்போது உலோகம் சுருங்கியதால் வந்தது. எல்லாவற்றையும் ப்ளோ ஹோல் என்றே எழுதிவைக்கிறோம், அங்கேதான் வைத்தியம் தவறிப்போகிறது.

காற்று என்றால் ஸ்லோ ஷாட் வேகத்தை (பிளஞ்சர் தொடக்கத்தில் மெதுவாக நகரும் வேகம்) பாருங்கள். பிளஞ்சர் வேகமாகப் போனால் ஸ்லீவில் (பிளஞ்சர் ஓடும் குழாய்) உலோகம் அலையாகச் சுருண்டு காற்றை மூடிக்கொள்ளும். ரொம்ப மெதுவாகப் போனாலும் அலை முன்னே ஓடி, திரும்பி வந்து அதையே செய்யும். ஸ்லீவ் பாதிகூட நிறையவில்லை என்றால் சின்ன ஸ்லீவுக்கு மாறுவது நல்லது. வென்ட்டில் (காற்று வெளியேறும் வழி) ஃப்ளாஷ் (பிதுங்கி உறைந்த உலோகம்) அடைத்திருக்கிறதா, ஸ்ப்ரே தண்ணீர் காயும் முன் டை மூடுகிறதா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

ஷ்ரிங்கேஜ் என்றால் இன்டென்சிஃபிகேஷன் பிரஷர்தான் (டை நிறைந்ததும் கொடுக்கும் கூடுதல் அழுத்தம்) பேச்சு. லேடிலில் ஊற்றும் அளவு குறைந்து பிஸ்கட் (ஸ்லீவ் முனையில் மிஞ்சும் உலோகம்) மெலிந்தால் அது முந்தி உறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு பிரஷர் வைத்தாலும் பீஸுக்குப் போய்ச் சேராது.

இன்னொன்று: வார்ப்பின் மேல்தோல்தான் அடர்த்தியானது. மெஷினிங் அலவன்ஸை (சீவுவதற்காக விடும் கனம்) கூடுதலாக விட்டு அந்தத் தோலைச் சீவி எறிந்தால் உள்ளே இருக்கும் ஓட்டைகளை நாமே திறந்துவிடுகிறோம்.

இரும்பையும் சொல்லிவிடுகிறேன். ஏடிசி12-ல் 1.3 சதவீதம் வரை அனுமதி உண்டு. ரொம்பக் குறைந்தால் உலோகம் டையில் ஒட்டும். கூடினால் ஊசி ஊசியான படிகம் உருவாகி பீஸ் எளிதில் உடையும். ரன்னர் ஸ்க்ராப்பை (உலோகம் ஓடும் வழியில் உறைந்த மிச்சம்) மறுபடி மறுபடி உருக்கினால் இரும்பு ஏறும். இரும்பின் சதவீதம், மாங்கனீஸ் சதவீதத்தில் இரு மடங்கு, குரோமியம் சதவீதத்தில் மூன்று மடங்கு, மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 1.8-ஐத் தாண்டி, ஹோல்டிங் ஃபர்னஸ் (உருகிய உலோகத்தைச் சூடாக வைத்திருக்கும் உலை) வெப்பமும் இறங்கினால் அடியில் கசடு தங்கும். அது பீஸுக்குள் போனால் டூல் முனை உடையும்.

சரி, வலிமை? டையிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் போட்டு, 170 முதல் 200 டிகிரியில் சில மணி நேரம் வைக்கும் டி5-ஐ முயலுங்கள். அந்த வெப்பத்தில் கொப்புளம் வராது, கடினத்தன்மை கூடும். நீட்சி கொஞ்சம் குறையும், அளவும் லேசாக மாறலாம்; சில பீஸ்களில் பார்த்துவிட்டு லாட்டுக்குப் போங்கள். டி6-தான் வேண்டும் என்று கஸ்டமர் பிடிவாதம் பிடித்தால் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் டையும், மெக்னீசியம் சேர்ந்த, இரும்பு குறைந்த வேறு அலாயும் தேவை. அந்தச் செலவைச் சேர்த்துத்தான் கொட்டேஷன் கொடுக்க வேண்டும்.