12 பேர், வாரம் 50 ரூபாய்: குழு தொடங்கிக் கடனிலிருந்து மீள முடியுமா?

கேள்வி: பள்ளிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. இரண்டு மைக்ரோ ஃபைனான்ஸில் வாராவாரம் தவணை கட்டுகிறோம். வெளியில் 5 வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய் வேறு இருக்கிறது. தெருவில் 12 பெண்கள் சேர்ந்து சுய உதவிக் குழு ஆரம்பித்து, லோன் எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்கிறார்கள். சரிப்பட்டு வருமா? (வாசகி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: குழு ஆரம்பியுங்கள். ஆனால் லோன் வாங்குவதற்காக மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அப்படித் தொடங்கிய குழுக்களில் பல, லோன் பணத்தை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்ட அன்றோடு கூடுவதையே நிறுத்திவிட்டன. முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் குழுவுக்கு ஒரே வேலைதான்: இனி 12 பேரில் யாரும் ஆயிரம், இரண்டாயிரத்துக்காக வட்டிக்காரரிடம் போகாமல் பார்த்துக்கொள்வது. பழைய கடனை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் கூட்டுவதும் குழுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நீங்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் மட்டுமே. சேமிப்பு கிடையாது, வட்டி முழுக்க நிறுவனத்துக்குப் போகிறது. சுய உதவிக் குழுவில் பணமும் உங்களுடையது, அதில் வரும் வட்டியும் உங்களுடையது. தமிழ்நாட்டில் இந்த முறை 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. வங்கிகளோடு குழுக்களை இணைக்கும் திட்டத்தை ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 1992-ல் ஆரம்பித்தது.

12 பேர் சரியான அளவு. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சேர்க்காதீர்கள். சேமிப்பை மாதக் கணக்கில் வைக்க வேண்டாம். தறி வேலைக்கு வாரக்கூலி என்பதால், கூலி கைக்கு வந்த மறுநாளே கூட்டம் வையுங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் நாளுக்கு முன்னால் அது வந்துவிட வேண்டும். ஆளுக்கு 50 ரூபாய் போதும். நன்றாகச் சம்பாதிக்கிறவர் 200 கட்டலாம் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலை இல்லாத வாரத்திலும் எல்லோராலும் முடிகிற தொகையே சரியான தொகை.

12 பேர் வாரம் 50 ரூபாய் போட்டால் 600 ரூபாய் சேரும். நாலாவது வாரம் 2,400. அன்றே முதல் கடனைக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு 1,200-க்கு மேல் வேண்டாம், பத்து வாரத்தில் திருப்பவேண்டும். மருத்துவம், பள்ளிச் செலவு, கேஸ் சிலிண்டர் போன்ற அவசரங்களுக்கு முன்னுரிமை.

வட்டியை மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள். மீதமுள்ள அசலுக்கு மட்டும் போடுங்கள். 10,000 ரூபாயைப் பத்து மாதத்தில் மாதம் 1,000 அசலாகக் கட்டினால், மீதத்துக்கு வட்டி போடும்போது மொத்த வட்டி 1,100 ரூபாய். கணக்கு சுலபம் என்று கடைசிவரை 200 ரூபாயே வாங்கினால் 2,000 ஆகிவிடும். கணக்கு எழுதுகிறவரின் வசதிக்காக இந்தத் தவறு நடக்கிறது. நஷ்டம் உங்களில் ஏழைக்கு.

கூட்டத்தில் பணத்தைப் பாயில் வைத்து எல்லோர் முன்பும் எண்ணுங்கள். ரொக்கப் புத்தகத்தில் இப்படி எழுதினால் போதும்: தொடக்க இருப்பு 240, சேமிப்பு 600, திரும்பிய கடனும் வட்டியும் 1,150, ஆக மொத்தம் 1,990. கொடுத்த கடன் 1,500. கையிருப்பு 490. இதை உரக்கப் படித்து, கையெழுத்து வாங்கியபின்தான் எழுந்திருக்கவேண்டும். கையிருப்பு, குழுவை நடத்தும் பொறுப்பாளரான ஊக்குநர் வீட்டு பீரோவில் தங்கக்கூடாது. மறுநாள் வங்கிக்குப் போய்விட வேண்டும். குழு உடைவது பெரும்பாலும் திருட்டினால் அல்ல, பீரோவில் கிடந்த பணம் அவசரத்துக்குச் செலவாகி, அதைச் சொல்லக் கூச்சப்படுவதனால்தான். தீர்மானப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக் ஆகியவையும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். தீபாவளிக்குச் சேமிப்பைப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

வங்கிக் கணக்குக்குக் குழுத் தீர்மானம் வேண்டும். கணக்கு தொடங்கும்போது 12 பேரின் அடையாள ஆவணமும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் அலைக்கழித்தால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் குழுக்களைக் கவனிக்கும் அரசுப் பிரிவான வட்டார இயக்க மேலாண்மை அலகுக்குப் போங்கள். குழுவை அங்கே பதிவும் செய்துகொள்ளலாம். வங்கிக் கடன் கேட்கக் குழு ஆறு மாதமாவது நடந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம், குழுவின் புத்தகப்படி கணக்கிடப்படுவது, வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல. புத்தகத்தை ஒழுங்காக எழுதச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஆறு மாதத்தில் சேமிப்பு 15,600 ரூபாய், அதோடு வட்டி. அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வங்கி தரும் முதல் கடன், குழு நிதியைப்போல் ஆறு மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. 10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. 3 லட்சம் வரை ஆண்டு வட்டி 7 சதவீதம். அந்தப் பணத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 5 வட்டி, 10 வட்டிக் கடனில் இருப்பவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

உங்கள் 20,000-க்கு மாதம் 1,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. ஆண்டுக்கு 60 சதவீதம். மைக்ரோ ஃபைனான்ஸ் வட்டியும் அதிகம்தான், ஆனால் இவ்வளவு இல்லை. அதனால் வெளிக்கடனை முதலில் அடையுங்கள். கடைசிப் பணத்தைக் கையில் கொடுக்குமுன், நீங்கள் கையெழுத்திட்ட புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ஏடிஎம் கார்டு என்று கொடுத்துவைத்த எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். புரோநோட்டு காணோம் என்றால், கடன் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள்.

மைக்ரோ ஃபைனான்ஸில் தவணை தவறிவிடும் போலிருந்தால், தவறுமுன் கிளைக்கு நேரில் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுமாறு கடன் கொடுக்கக்கூடாது. உங்கள் விண்ணப்பத்தில் வருமானம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கூட்டி எழுதியிருந்தால் அதுவே புகாருக்குக் காரணம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரவோ போன் செய்யவோ கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-ல் விவரம் கேட்கலாம்.

கடனை அடைக்கத் தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கலாம் என்ற யோசனை வரும். வாங்காதீர்கள். அந்த முன்பணம் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக விடமாட்டார்கள், கூலி பேசவும் வாய் வராது. உங்கள் பகுதியில் சிறுநீரகத் தரகர்கள் தறித் தொழிலாளர்களைக் குறிவைத்தது 2025-ல் வெளியே வந்ததே, நினைவிருக்கும். கடன் அடைத்துத் தருகிறேன் என்று வருகிறவர் யாராக இருந்தாலும் 12 பேருக்கும் சொல்லிவிடுங்கள்.

பணம் இல்லாமலும் குழு கைகொடுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வையுங்கள். பிடிக்கு 50 கிராம் என்றால் மாதம் ஒன்றரை கிலோ, 12 வீட்டுக்கு 18 கிலோ. அந்த மாதம் தறி நின்றுபோன வீட்டுக்கு அதைக் கொடுங்கள். திரும்பக் கேட்க வேண்டாம். ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்துவிடாதபடி இரண்டு தனித்தனிப் பாத்திரங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; கலந்த அரிசி ஒன்று குழையும், ஒன்று வேகாது.