சம்பள வேலையை விட்டு எலக்ட்ரீஷியன் ஆகலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஏழு ஆண்டுகளாக அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவி, மூன்று வயதுக் குழந்தை. என் ஒருவன் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. சம்பளத்தில் 80 விழுக்காடு செலவாகிவிடும். கடன் இல்லை, எட்டு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. கடன் வாங்கி ஓராண்டு முழுநேரப் படிப்பில் சேரலாமா, அல்லது ஓர் ஒப்பந்ததாரரிடம் மூன்று ஆண்டு பழகுநராகச் சேரலாமா? பழகுநருக்கு என் இப்போதைய சம்பளத்தில் முதல் ஆண்டு 40 விழுக்காடு, அடுத்து 55, மூன்றாம் ஆண்டு 70 என்று பேசியிருக்கிறார்.

பதில்: பழகுநராகச் சேருங்கள். ஆனால் இந்த மாதம் வேண்டாம், நான்கு மாதம் பொறுங்கள்.

படிப்புக் கட்டணத்தையே நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். உண்மையில் பெரிய செலவு, பழகும் காலத்தில் வராமல் போகும் சம்பளம். உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 80, சேமிப்பு 640. பழகுநர் ஊதியத்தில் முதல் ஆண்டு மாதம் 40, அடுத்த ஆண்டு 25, மூன்றாம் ஆண்டு 10 துண்டு விழும். மூன்று ஆண்டுக்கும் கூட்டினால் 900. உங்கள் சேமிப்பு அதைத் தாங்காது.

செலவை 80இலிருந்து 70 ஆக இறக்கிப் பாருங்கள். முதல் ஆண்டுப் பற்றாக்குறை 360, இரண்டாம் ஆண்டு 180, மூன்றாம் ஆண்டு எதுவும் இல்லை. மொத்தம் 540தான். இன்றே சேர்ந்தால் கடைசியில் கையில் 100 நிற்கும். குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலே கரைந்துவிடும். நான்கு மாதம் இதே வேலையில் இருந்தபடி 70க்குள் குடும்பம் நடத்தினால் இன்னும் 120 சேரும், முடிவில் 220 மிஞ்சும். அது மூன்று மாதச் செலவுக்குக் காணும். 70இல் வாழ முடிகிறதா என்பதும் வேலையை விடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள். சிக்கனத்தின் பாதிச் சுமை அவர் தலையில்தான் விழப்போகிறது.

முழுநேரப் படிப்பு என்றால் 70 வீதம் ஓராண்டுக்கு வீட்டுச் செலவே 840. அதற்கு மேல் கட்டணம், வட்டி. படித்து முடித்த கையோடு தனியாக வேலை எடுத்துவிடவும் முடியாது. பெரும்பாலான இடங்களில் உரிமம் பெற, அனுபவம் உள்ளவர் மேற்பார்வையில் வேலை செய்த காலத்தையும் காட்ட வேண்டும்.

கருவிகளை ஒரே நாளில் வாங்கிக் குவிக்காதீர்கள். கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேரட்டும். ஒயரில் மின்சாரம் இருக்கிறதா என்று அளந்து காட்டும் கை மீட்டரில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். சட்டைப் பையில் செருகும் நியான் டெஸ்டரை நம்பி ஒயரில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. நல்ல எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்த பிறகும், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் மீட்டரைச் சோதிப்பார். பிறகு வேலை செய்யும் ஒயரை. மறுபடியும் முதல் இடத்தை. நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் 'மின்சாரம் இல்லை' என்று அது பொய் சொல்லும் அல்லவா? உடலில் 30 மில்லிஆம்பியர் பாய்ந்து சற்று நீடித்தாலே உயிருக்கு ஆபத்து.

அதனால் முதல் நாள் வேலைக்குப் போகும் முன்பே விபத்துக் காப்பீடும், வேலை செய்ய இயலாமல் போனால் வருமானம் தரும் காப்பீடும் எடுத்துவிடுங்கள். ஷாக் மட்டுமல்ல, ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தாலும் மாதக்கணக்கில் வருமானம் நிற்கும். ஏற்கெனவே காப்பீடு இருந்தால், தொழில் மாறுவதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அலுவலக ஊழியர் என்ற பழைய பதிவு அப்படியே இருந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகும்.

தனியாகத் தொழில் தொடங்கும் நாளுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் எலக்ட்ரீஷியனுக்கு வேலைக்குக் குறைவே இல்லை, கடனுக்கும் குறைவில்லை. ஒயர், சுவிட்ச் வாங்கத் தரும் முன்பணமும் கூலியும் ஒரே பையில். முன்பணம் வீட்டுச் செலவுக்குப் போய்விடும். இந்த வீட்டு ஒயரை அடுத்த வீட்டு முன்பணத்தில் வாங்குவார். வேலை வராத ஒரு மாதத்தில் எல்லாம் சரிந்தது. கணக்கு எழுதிய உங்கள் ஏழு ஆண்டு அனுபவம் இங்கேதான் கைகொடுக்கும்: பொருளுக்கான பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், கூலியை மட்டும் வருமானமாக எண்ணுங்கள்.

ராஜினாமா கடிதம் எழுதும் முன் அந்த ஒப்பந்ததாரரிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் வேலை செய்யும் நாள்களையும் செய்த வேலைகளையும், உரிமம் வழங்கும் துறை ஏற்கும் வகையில் எழுத்தில் சான்றளிப்பாரா? ஊதிய உயர்வையும் எழுதித் தருவாரா? "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் வேறு ஒப்பந்ததாரரைத் தேடுங்கள். கையில் நான்கு மாதம் இருக்கிறது.