டாக்கிங் சந்தேகங்கள்: புதுச்சேரி, கடலூர் மாணவர்களுக்குப் பதில்கள்

காலாப்பட்டு, எம்.எஸ்சி. மாணவி: அக்கா, என் நொதிக்குப் படிக அமைப்பே இல்லை. ஆல்ஃபாஃபோல்டு (புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐ) மாதிரியில் டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படி, எவ்வளவு வலுவாகப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) செய்யலாமா?

செய்யலாம்மா. முதலில் பிஎல்டிடிடி பார்; மாதிரியின் ஒவ்வொரு பகுதியையும் எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குச் சொல்லும் மதிப்பெண் அது. 90க்கு மேல் இருந்தால் தைரியமாக எடு, 50க்குக் கீழே போனால் அந்தப் பகுதியைத் தொடாதே. அந்த எண் கோப்பில் பி-ஃபேக்டர் பத்தியில்தான் இருக்கும். படிக அமைப்பில் பி-ஃபேக்டர் என்பது அணுவின் அசைவைச் சொல்லும் எண்; அது ஏறினால் சந்தேகம். இங்கே ஏறினால் நம்பிக்கை. பழைய நிற அளவையே போட்டால் தலைகீழாகப் படித்துவிடுவாய். இன்னொன்று, தரவுத்தள மாதிரியில் துத்தநாகமோ ஹீமோ இருக்காது. உன் நொதிக்கு உலோகம் தேவையென்றால் நீதான் வைக்க வேண்டும்.

நெல்லிக்குப்பம்: என் லேப்டாப்பில் ஓடுமா?

வினா (ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருள்) ஓடும். அணுக்களின் அசைவை நொடிநொடியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியலுக்கு நல்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வேண்டும்.

லாஸ்பேட்டை: மேடம், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு கொரோனா புரோட்டியேஸில் (வைரஸின் புரதம் வெட்டும் நொதி; படிக அமைப்பின் எண் 6எல்யு7) வினா மதிப்பெண் -7.2 கிலோகலோரி வந்தது (எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு). ஒப்பிட்ட மருந்துக்கு -6.8. கட்டுரை எழுதலாமா?

இதை வைத்து மட்டும் எழுதாதீர்கள். வினாவை 2010இல் வெளியிட்டவர்களே கணிப்புப் பிழை சுமார் 2.85 கிலோகலோரி என்று சொல்லியிருக்கிறார்கள். 1.4 கிலோகலோரி தவறினாலே பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறும். இதில் உங்கள் 0.4க்கு என்ன மதிப்பு? 6எல்யு7இல் உள்ள என்3 என்ற தடுப்பான், நொதியின் 145ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனோடு சகப்பிணைப்பில் (எலக்ட்ரான் பகிரும் உறுதியான வேதிப்பிணைப்பில்) இருக்கிறது. வழக்கமான வினா ஓட்டம் அந்தப் பிணைப்பைக் கணக்கிடாது. சகப்பிணைப்பு இல்லாத லிகண்டு (புரதத்தில் ஒட்டும் சிறு மூலக்கூறு) உள்ள வேறு அமைப்பை எடுத்து, அந்த லிகண்டை மறுபடி டாக் செய்து, 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் பழைய இடத்தில் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சக்குப்பம்: எனக்கு -9.1. இது போதுமா?

மேலே உள்ள பதிலேதான். மறு-டாக்கிங் செய்தீர்களா?

சிதம்பரம், சித்த மருத்துவ மாணவர்: நிலவேம்பைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

இல்லை தம்பி. நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம். அதிலிருந்து ஒரே மூலக்கூறைப் பிரித்து, அசையாத புரதத்தில் பொருத்திப் பார்த்ததைத்தான் குறை சொன்னேன். அந்த எண் குடிநீருக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

அதே மாணவர்: அப்படியானால் கணினியால் எங்களுக்கு என்ன பயன்?

எதை முதலில் சோதிப்பது என்று வரிசை போட்டுத் தரும். நூறு சேர்மங்களில் பத்தைப் பொறுக்குங்கள். கூடவே மோசமான மதிப்பெண் வாங்கிய சிலதையும் சேருங்கள். எல்லாவற்றையும் உண்மையான நொதியோடு குழாயில் சோதியுங்கள். மோசமானவையும் அதே அளவு வேலை செய்தால் உங்கள் வரிசை தவறு. முழுக் கஷாயத்தையும் தனியாகச் சோதியுங்கள்.

அரியாங்குப்பம்: மஞ்சளில் குர்குமின் -8.4...

மறு-டாக்கிங் முதலில். குர்குமின் பல சோதனைகளில் பொய்யாக வேலை செய்வதுபோல் காட்டும். அதை ஒப்பீட்டுக்குக்கூட வைக்காதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: அப்பாவின் சர்க்கரைக்கு இதில் எதைக் கொடுக்கலாம்?

எதையும் கொடுக்க வேண்டாம். அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.