தாரைப் படிக்க எங்கே தொடங்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோவில்பட்டிக்காரன். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஒரு சோலார் மின்நிலையத்தில் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் வேலிக்கு வெளியே ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள் வருவார்கள். அந்த இடம் ‘ஓரண்’, சாமிக்கு விட்ட நிலம், அங்கே ஒரு கிளையைக்கூட முறிக்கக்கூடாது என்கிறார்கள். எங்கள் மேலாளரோ, “இங்கே ஒன்றுமே இருந்ததில்லை, ரெக்கார்டில் தரிசு என்றுதான் இருக்கிறது” என்கிறார். எது உண்மை என்று பார்க்க இணையத்தில் தேடினால் கோட்டை, ஒட்டகச் சவாரி, குல்தாரா பேய்க்கிராமம் இவைதான் வருகின்றன. கர்னல் டாட் எழுதிய ராஜஸ்தான் வரலாற்றை வாங்கி, நூறு பக்கத்தோடு நின்றுவிட்டேன். இந்த மண்ணையும் மக்களையும் முறையாகப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்? இந்தி பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

முதலில் டாடை மூடி அலமாரியில் வையுங்கள். மோசமான நூல் என்பதற்காகச் சொல்லவில்லை. 1829லும் 1832லும் இரண்டு தொகுதிகளாக வந்த அந்த நூலை எழுதியவர் ராஜபுத்திர வீரத்தில் மயங்கிப்போன ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. வம்சம், போர், மானம் என்பதுதான் அவர் அக்கறை. நீங்கள் கேட்பது ஆடு மேயும் நிலத்தைப் பற்றி. இன்னொன்று, தான் நேரில் மண்டோரைத் தாண்டிப் பாலைக்குள் போனதில்லை என்று டாடே எழுதியிருக்கிறார். மண்டோர் ஜோத்பூரை ஒட்டிய ஊர். அதற்கு மேற்கே உள்ளதையெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்டுச் சேகரித்தார். நீங்கள் அவரைவிட இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறீர்கள்.

‘தார் பாலை’ என்று மொத்தமாக எடுத்தால் எந்தப் பக்கமும் நகர முடியாது. உங்கள் வேலிக்கு வெளியே இருக்கும் அந்த ஒரு ஓரணை மட்டும் கையில் எடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லா ஆவணக்கூடத்து வாசலுக்கும் வந்து சேர்வீர்கள். எந்த ஆவணம் யாருக்காக எழுதப்பட்டது என்பதும் போகப்போகத் தெரிந்துவிடும்.

மேலாளர் சொல்லும் ‘தரிசு’ பொய்யில்லை. வரி வராத நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்த பெயர் அது. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் தயாரித்த தரிசு நில வரைபடத் தொகுப்புகளைப் பாருங்கள். மணற்பாங்கு, புதர்நிலம் என்று பல வகை உண்டு. மேய்ச்சலுக்கும் சாமிக்கும் விட்ட நிலம் அந்த வகைகளுக்குள் எங்கேயோ கரைந்துபோகும். அதே நிலத்தைப் புல் ஆய்வாளர் வேறு மாதிரி பார்ப்பார். ஜெய்சல்மேர் பக்கத்து மணலில் சேவண் என்று ஒரு புல் வளரும். மாட்டுக்கு அதைவிட நல்ல தீவனம் அங்கே இல்லை. கோடாவண் என்று அவர்கள் சொல்லும் கானமயிலுக்கும் அதுதான் வீடு.

இதைப் படிக்க ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘காஸ்ரி’ என்பார்கள். 1952ல் பாலையில் மரம் வளர்க்கும் நிலையமாகத் தொடங்கி, 1959ல் முழு ஆராய்ச்சி நிறுவனமானது. ‘ஆன்னல்ஸ் ஆஃப் அரிட் ஸோன்’ என்ற ஆய்விதழ் 1962 முதல் அங்கிருந்து வருகிறது, இணையத்திலும் படிக்கலாம். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். பழைய இதழ்களில் மேய்ப்பவர்தான் வில்லன். அவர் ஆடுதான் பாலையை வளர்க்கிறது. மணலை நிறுத்த ஒரு வெளிநாட்டு மரத்தைச் சிபாரிசு செய்த கட்டுரைகளும் இருக்கும். அது நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமேதான். பின்னால் வந்த கட்டுரைகள் அதை எப்படி ஒழிப்பது என்று பேசுகின்றன.

தண்ணீரைப் பற்றி அனுபம் மிஸ்ரா இந்தியில் எழுதிய ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்’ என்ற நூலைப் படியுங்கள். 1995ல் வந்தது. அதன் ஒரு பகுதி என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்பு இந்தித் துணைப்பாட நூலில் இருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு ஏற்ற இந்தி. குயீன் என்ற குறுகலான கிணறு அதில் வரும். மணலுக்கு அடியில் ஓடும் ஜிப்சம் படுகை, மழையின் ஈரத்தைக் கீழே உள்ள உப்புத்தண்ணீரோடு கலக்கவிடாமல் தாங்கி நிற்கிறது. அந்த ஈரம் சொட்டுச்சொட்டாக ஊறுவதைச் சேர்க்கத்தான் அந்தக் கிணறு. குல்தாராவின் பேயை விட்டுவிட்டு, அந்த ஊர்ப் பாலிவால் பிராமணர்கள் வளர்த்த கடீன் முறையைப் படியுங்கள். பாறைச் சரிவில் விழும் மழையை நீளமான மண்கரை போட்டு நிறுத்தி, நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத இடத்தில் கோதுமை!

வரலாற்றுக்கு வருகிறேன். 17ஆம் நூற்றாண்டில் மார்வார், அதாவது ஜோத்பூர், அரசர் ஜஸ்வந்த் சிங்கிடம் திவானாக இருந்த முஹணோத் நைணசி ‘மார்வாட் ரா பர்கனா ரீ விகத்’ என்று ஒரு கணக்கு எழுதி வைத்தார். ஊர் ஊராக வரி எவ்வளவு, என்னென்ன சாதியார், எத்தனை கிணறு, தண்ணீர் எப்படி, என்ன விளையும் என்று போகும். ஜோத்பூர்க் கீழ்த்திசைச் சுவடி நிறுவனம் அச்சிட்டிருக்கிறது. உங்களுக்குப் பக்கமான பொக்ரானும் பலோதியும் அதில் தனித்தனிப் பர்கனாக்கள், அதாவது வருவாய்ப் பிரிவுகள். இவ்வளவு எழுதிய நைணசி அரசரின் கோபத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டு, 1670ல் தற்கொலை செய்துகொண்டார்.

பீகானேரில் இருக்கும் ராஜஸ்தான் மாநில ஆவணக்காப்பகத்தில் பழைய சமஸ்தானங்களின் பஹிகள், அதாவது நீளவாக்கில் தைத்த கணக்கேடுகள், குவிந்து கிடக்கின்றன. கணிசமான பகுதியை மின்னாக்கம் செய்துவிட்டார்கள். ஜோத்பூர் தர்பாரின் சனத் பர்வானா பஹிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொடர்கின்றன. தட்டார், தச்சர், சக்கிலியர் வரை யார் என்ன முறையிட்டார்கள், தர்பார் என்ன உத்தரவு போட்டது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. நந்திதா பிரசாத் சஹாய் இவற்றை வைத்துக் கைவினைஞர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை முதலில் படித்தால், ஏட்டில் எதைத் தேடுவது என்று பிடிபடும். வியாபாரிகளின் ஏடுகள் பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். மஹாஜனி எழுத்தில் உயிர்க்குறிகளே கிடையாது. ‘சித்தப்பா அஜ்மீர் போனார்’ என்று எழுதிய கடிதத்தை ‘சித்தப்பா இன்று செத்துப்போனார்’ என்று படித்து வீடே ஒப்பாரி வைத்ததாக அங்கே ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. உயிர்க்குறி இல்லாவிட்டால் ‘அஜ்மேர் கயா’வும் ‘ஆஜ் மர் கயா’வும் ஒன்றுதானே!

பிரிட்டிஷ் கெஸட்டியர்களையும், அதாவது ஊர்வாரி விவரத் தொகுப்புகளையும், ஒதுக்க வேண்டாம். இம்பீரியல் கெஸட்டியர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கத்தைத் திறந்தால் 1891ல் ஜனத்தொகை 1,15,701 என்றும், 1901ல் 73,370 என்றும் போட்டிருக்கும். நடுவில் வந்தது 1899–1900 பஞ்சம். விக்கிரம ஆண்டு 1956ல் வந்ததால் ‘சப்பனியா’, ஐம்பத்தாறாம் வருஷத்துப் பஞ்சம், என்பார்கள். நமக்குத் தாது வருஷப் பஞ்சம் எப்படியோ அவர்களுக்கு அது. தானியம், தண்ணீர், புல் மூன்றும் ஒருசேரப் பொய்த்தது. நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் குறைந்தார்கள் என்று அந்த எண் சொல்கிறது. செத்தது எத்தனை பேர், மாடுகளை ஓட்டிக்கொண்டு சிந்துவுக்கும் மால்வாவுக்கும் போய்விட்டது எத்தனை பேர் என்று அது பிரித்துச் சொல்வதில்லை. மழை பொய்த்தால் கிளம்புவதும் பெய்தால் திரும்புவதும் அந்த மக்களின் வாழ்க்கைமுறை. ஓரிடத்தில் உட்கார வைத்து எண்ணும் கணக்கில் அவர்கள் எப்போதும் பாதிதான் விழுவார்கள்.

இதையே ஒரு நாட்டுப்புற ஈரடி வேறுவிதமாகச் சொல்கிறது. பஞ்சத்தின் கால் பூகலில், உடல் கோட்டடாவில், கைகள் பாட்மேரில். தேடினால் ஜோத்பூரிலும் கிடைக்கும். ஜெய்சல்மேரிலோ நிரந்தரக் குடியிருப்பு. காஸ்ரியின் மழை வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள், எவ்வளவு சரி என்று தெரியும்.

இந்த மாதிரி வாய்மொழிச் சங்கதிகளைச் சேர்த்து வைத்திருப்பது ரூபாயன் சன்ஸ்தான். கோமல் கோத்தாரியும் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் 1960ல் போருந்தா கிராமத்தில் தொடங்கியது. லங்காக்கள், மாங்கணியார்கள் என்ற பரம்பரைப் பாடகர்களின் பாட்டுகளைப் பல்லாண்டு ஒலிப்பதிவு செய்தார்கள். மாங்கணியார்கள் முஸ்லிம்கள், அவர்களை ஆதரிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ராஜபுத்திரக் குடும்பங்கள். அந்த வீடுகளின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

கோத்தாரி 2004ல் காலமானார். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், ராஜஸ்தானை அரசர்களின் எல்லைப்படி பிரிக்க மறுத்தது. கம்பு தின்கிற பகுதி, சோளம் தின்கிற பகுதி, மக்காச்சோளம் தின்கிற பகுதி என்று பிரித்தார். ஜோத்பூருக்கு வெளியே அவர் திட்டமிட்ட அர்ணா ஜர்ணா பாலை அருங்காட்சியகத்தில் வாளும் கவசமும் கிடையாது, துடைப்பங்கள்தான். எந்த நிலத்தில் எந்தப் புல், எந்தப் புல்லில் எந்தத் துடைப்பம், அதைக் கட்டுவது யார் என்பதிலிருந்தே அந்த நாட்டை விளக்கிவிடுகிறார்கள். ஒரு விடுமுறை நாளில் அவசியம் போய்வாருங்கள்.

இன்னும் பழைய காலத்துக்குப் போக ஆசை இருந்தால், 1974ல் குர்தீப் சிங்கும் அவர் குழுவும் சாம்பர், டீட்வானா, லூண்கரண்சர் ஏரிகளின் அடிமண்ணில் இருந்த மகரந்தத்தை வைத்துப் பழங்கால மழையைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தேடுங்கள். 1999ல் லூண்கரண்சரை மறுபடி ஆராய்ந்தவர்கள், ஹரப்பா நகரங்கள் எழுந்து நிற்பதற்கு முன்பே அந்த ஏரி வற்றிவிட்டது என்றார்கள். மழை குறைந்ததால் ஹரப்பா அழிந்தது என்று பேசுபவர்கள் இதைப் படிப்பதில்லை.

சரி, உங்கள் ஓரண். இன்றைய நிலவரத்துக்கு நீதிமன்ற ஆவணங்களைவிட நல்ல மூலம் இல்லை. கானமயில்கள் மோதிச் சாகின்றன என்று மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும்படி உச்ச நீதிமன்றம் 2021ல் உத்தரவிட்டது. 2024ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. அதே 2024 டிசம்பரில், ராஜஸ்தானின் ஓரண்களைத் தரையிலும் செயற்கைக்கோளிலும் அளந்து காடு என்று அடையாளப்படுத்தச் சொல்லி இன்னொரு தீர்ப்பு வந்தது. அது வந்தது கோதவர்மன் வழக்கில். 1995ல் நம் கூடலூர்க் காட்டுக்காகத் தொடங்கிய வழக்கு அது. தீர்ப்பை மேலாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், தப்பில்லை.

ஒரே ஒரு ஆய்வு நூல்தான் படிக்க முடியும் என்றால் தனுஜா கோத்தியால் எழுதிய ‘நொமாடிக் நரேட்டிவ்ஸ்’. கேம்பிரிட்ஜ் 2016ல் வெளியிட்டது. இந்தப் பாலையின் வரலாற்றை நடமாட்டத்தை வைத்து எழுதியிருக்கிறார். நம்மூர் ஆய்வுகள் பலவும் முனாபாவ் எல்லைக்கம்பியோடு நின்றுவிடும். மணலோ உமர்கோட், மித்தி என்று சிந்துவுக்குள் தொடர்ந்து போகிறது. சம்பந்தம் பண்ணுவதும் மாடு விற்பதும் பஞ்சத்துக்குப் புறப்படுவதும் ஒரு காலத்தில் அந்தத் திசையில்தான்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மேய்ப்பவர்களிடம் அந்த ஓரணின் பெயர், தெய்வத்தின் பெயர், எந்தெந்த ஊருக்கு அது பொது, அந்த ஊர்கள் முன்பு எந்தச் சமஸ்தானத்தில் இருந்தன என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்த நான்கும் கையில் இல்லாமல் பீகானேருக்குப் போனால் எந்த ஏட்டைக் கேட்பது என்றே தெரியாது.