நத்தார் விருந்துக்குச் சீனி சேராத சூடான வைன்

கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஜெர்மனியில் வாழும் தம்பி குடும்பம் இம்முறை நத்தாருக்கு மட்டக்களப்புக்கு வருகிறது. அங்கே மார்கழிச் சந்தைகளில் விற்கும், வாசனைச் சரக்குகள் இட்டுச் சூடாக்கிய சிவப்பு வைனை இங்கும் செய்து தரும்படி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வாசகியின் கணவர் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். வேறு இருவர் மாச்சத்தைக் குறைத்து உண்பவர்கள். சீனியைக் குறைத்து இதனைச் செய்ய வழி உண்டா?

வழி உண்டு, அது கடினமானதும் அன்று. இந்தப் பானத்தில் சேரும் சீனியில் பெரும்பங்கு போத்தலிலிருந்து வருவதில்லை. செய்பவர் கையால்தான் போடப்படுகிறது. வழமையான செய்முறைகளில் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றுக்கு 100 கிராம் வரை சீனியும் ஒரு கோப்பைத் தோடம்பழச் சாறும் சேர்ப்பார்கள். அந்தச் சாறு 200 மில்லிலீற்றர் என்று கொண்டால் அதிலேயே ஏறக்குறைய 20 கிராம் சீனி இருக்கும். இனிப்பற்ற சிவப்பு வைனிலோ லீற்றருக்குப் பொதுவாக 4 கிராமுக்கு மேல் சீனி இருப்பதில்லை. உணவு அட்டவணைகள் 100 மில்லிலீற்றருக்கு 2.6 கிராம் காபோவைதரேற்று (மாச்சத்து) என்று காட்டுவது, வைனிலுள்ள கிளிசரோல், பழ அமிலங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால்தான். அந்தக் கூடிய கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரு போத்தல் முழுவதிலும் 20 கிராம் அளவே வரும். ஆகவே, வழமையான முறையில் செய்து ஏழு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 20 கிராம். சீனியையும் சாற்றையும் விட்டுச் செய்து ஆறு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு மூன்றரை கிராமுக்கும் குறைவு.

எனவே போத்தலைத் தெரிவதில் மட்டும் கவனம் வேண்டும். 'டிரை', அதாவது இனிப்பற்றது, என்று குறிக்கப்பட்ட, 12 முதல் 13.5 சதவீத மதுசாரமுள்ள மெர்லோ போன்ற மென்மையான சிவப்பு வைன் பொருத்தமானது. விலை உயர்ந்ததை இதற்கு வீணாக்க வேண்டாம். போர்ட் வகை வைனில் லீற்றருக்கு 100 கிராம் அளவில் சீனி இருப்பதால் அது வேண்டவே வேண்டாம். நத்தார் காலத்தில் கடைகளில் நிறையும் இஞ்சி வைனும் பெயரளவில் ஏமாற்றும்: மதுசாரம் இல்லாவிட்டாலும் சீனி தாராளமாக இருக்கும். பூரணை தினத்தில் மதுபானக் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்குகளைப் பொறுத்தவரை ஜெர்மனியில் இருப்பவர்களை விட நீங்களே கொடுத்து வைத்தவர். 1638 இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்ததற்குப் பின்னால் நமது கறுவா மீதான ஆசையும் இருந்தது. மெல்லிய பட்டைகள் பல சுருண்டு ஒன்றாயிருக்கும் நமது கறுவாவில் இயல்பாகவே ஓர் இனிப்பு மணம் உண்டு. தடித்த ஒற்றைச் சுருளாக வரும் காசியாப் பட்டையில் காரம் மிகுதி, ஈரலுக்கு ஒவ்வாத கூமரினும் மிகுதி. விரல் நீளக் கறுவா இரண்டு, கராம்பு ஐந்து, தட்டிய ஏலக்காய் நான்கு, அன்னாசிப்பூ ஒன்று, இஞ்சி மூன்று நான்கு வட்டங்கள் போதும். கராம்பைக் கூட்டினால் நாக்கு மரத்துவிடும். எதையும் தூளாகப் போடாதீர்கள்; கறுவாத்தூள் சூட்டில் வழுவழுப்பாகித் தேநீர் வடியை அடைத்துவிடும்.

தோடம்பழத்தில் நமக்கு வேண்டியது தோல் மட்டுமே. மணம் தரும் எண்ணெய் அங்கேதான் இருக்கிறது, சீனி உள்ளே சுளையில் இருக்கிறது. பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால் நல்லது. இறக்குமதிப் பழமானால் மேலே மெழுகு பூசியிருப்பார்கள் என்பதால் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, அரைப் பழத்தின் தோலை வெள்ளைப்பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவுங்கள். அந்த வெள்ளைப்பகுதி சேர்ந்தால் வரும் கசப்பை மறைக்கத்தான் பலர் மேலும் சீனி போடுகிறார்கள்.

இனிச் செய்முறை. சரக்குகளை வைனில் போட்டு நெடுநேரம் சூடாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. முதலில் 250 மில்லிலீற்றர் தண்ணீரில் சரக்குகளையும் தோலையும் இட்டு, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, 150 மில்லிலீற்றர் அளவுக்கு வற்றியதும் வடித்தெடுங்கள். பின்னர் அந்தச் சாரத்துடன் வைனைச் சேர்த்து மிகக் குறைந்த தீயில் வையுங்கள். மதுசாரம் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். நமக்கு 70 பாகை போதும். வெப்பமானி இல்லாவிட்டால் சட்டியின் ஓரத்தைப் பாருங்கள்: மேற்பரப்பில் ஆவி எழுந்து, ஓரத்தில் கடுகளவில் குமிழிகள் ஒட்டத் தொடங்கும் கணமே இறக்கிவிட வேண்டும். கொதித்த வைன் துவர்த்துப்போகும். அமிலமுள்ள பானம் என்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் சட்டி நல்லது. மண்சட்டி அழகுதான், ஆனால் அதில் ஊறியிருக்கும் மீன் ஆணத்தின் மணம் வைனில் இறங்கும்.

இனிப்பு வேண்டும் என்பவர்களுக்கு எரித்ரிட்டால் என்னும் சீனி மாற்றை இரண்டு மேசைக்கரண்டி வரை சேர்க்கலாம். சீனியில் ஏறத்தாழ 70 சதவீத இனிப்பே அதில் இருந்தாலும் இரத்தத்தில் சீனியை அது உயர்த்துவதில்லை. சீனித்துளசிச் சாரமானால் சிட்டிகையளவே, கூடினால் கசக்கும். பொதிகளில் வரும் இனிப்பூட்டிகளின் உள்ளடக்கத்தை வாசியுங்கள், சிலவற்றில் நிரப்பியாக டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சீனி சேர்க்கப்பட்டிருக்கும். கித்துள் பாணியும் தேனும் 'இயற்கையானவை' என்பதால் தீங்கில்லை என்று கருதவேண்டாம்; இந்தக் கணக்கில் அவையும் சீனியே.

உங்கள் கணவரைப் பற்றி எழுதவேண்டியது இதைவிட முக்கியமானது. சீனி குறைந்தது என்பதால் மதுசாரம் குறைந்துவிடுவதில்லை. மேற்சொன்னபடி செய்த ஒரு கோப்பையில் ஏறக்குறைய 13 கிராம் மதுசாரமும், அதிலிருந்து மட்டும் 90 கிலோகலோரியும் இருக்கும். ஈரல் மதுசாரத்தை உடைத்துக்கொண்டிருக்கும்போது புதிதாகக் குளுக்கோசு ஆக்கும் வேலை தடைப்படுகிறது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் வெறுவயிற்றில் குடித்தால், பல மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள் காலையில்கூட, இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இங்கேதான் மாச்சத்துக் குறைப்பு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது: அன்றிரவு அவர் சோறோ ரொட்டியோ அளவாக உண்ட பின்னரே ஒரு கோப்பை எடுக்கலாம், அதுவும் அவருடைய வைத்தியர் மதுசாரத்துக்குத் தடை சொல்லியிராவிட்டால் மாத்திரமே. மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த அபாயம் குறைவு; எனினும் சிறுநீரகமோ ஈரலோ பாதிக்கப்பட்டிருந்தால் அவரும் தவிர்க்கவேண்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றப் பேச்சு ஆகியன சீனி இறங்கியதன் அறிகுறிகள்; விருந்து வீட்டில் அவற்றை வெறி என்று எண்ணி ஆளைத் தூங்கவிடுவது மிகப் பெரிய தவறு. படுக்கும்முன் இரத்தச் சீனியை ஒருமுறை சோதித்து, குளுக்கோசை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்காதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் முந்திரிகைச் சாற்றைச் சூடாக்கிக் கொடுக்கும்படி சிலர் சொல்வதுண்டு. 100 மில்லிலீற்றருக்கு 15 கிராம் அளவில் சீனியுள்ள அந்தச் சாறு மாச்சத்துக் குறைப்பவர்களுக்கு ஏற்றதல்ல. அதற்குப் பதிலாக அதே சரக்குச் சாரத்தைச் சற்றுக் கடும் பிளேன்டீயில் கலந்து, இறக்கியபின் சில துளி தேசிக்காய்ப்புளி விடுங்கள். தேயிலையின் துவர்ப்பு வைனின் துவர்ப்புக்கு நெருங்கி வரும். சிறுவருக்குத் தேயிலையை மெல்லியதாகப் போடுங்கள்.

மழை விட்டு ஆட்கள் வந்து சேரும்வரை சூடாக வைத்திருக்க, அடுப்பை எரியவிடாமல் நன்கு கழுவி மணம் போன பிளாஸ்கில் ஊற்றி மூடிவையுங்கள். மிஞ்சியதை ஆறவிட்டு, போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் கெடாது. மீண்டும் சூடாக்கும்போதும் கொதிக்கவிடாதீர்கள்.